15 நிமிடத் துணை

2001ஆம் நிதியாண்டில் அமெரிக்காவில் 12,700க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அவர்களைப் பெற்றவர்களே குழந்தைகள் நலத்துறையிடமோ சிறார் நீதித்துறையிடமோ ஒப்படைத்தார்கள். வளர்க்க மனமில்லாமல் அல்ல. பிள்ளைக்கு மனநல சிகிச்சை கிடைக்க வேறு வழி இல்லாமல் போனதால். அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2003இல் வெளியிட்ட இந்த எண்கூட, 19 மாநிலங்களின் நலத்துறை அதிகாரிகளும் 30 கவுண்டிகளின் சிறார் நீதி அதிகாரிகளும் சொன்ன மதிப்பீடுதான். மற்ற இடங்களின் கணக்கு அதில் சேரவில்லை.

அப்படியொரு முடிவின் விளிம்பில் நிற்கும் தாயிடம் யார் பேசுவது? மருத்துவர் நோயைப் பற்றிப் பேசுவார், சமூகப் பணியாளர் விதியைப் பற்றிப் பேசுவார். அதே அலுவலகங்களில் அலைந்து, அதே படிவங்களை நிரப்பி, அதே அவமானத்தை விழுங்கிய இன்னொரு தாய் பேசட்டும் என்பதுதான் சக பெற்றோர் ஆதரவுப் பணி. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அது எந்தச் சூழலில் முளைத்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் துணிச்சல் புரியும். மனச்சிதைவுக்குத் தாயின் குணமே காரணம் என்ற கருத்தை உளமருத்துவர் ஃபிரீடா ஃபிராம் ரைக்மன் 1948இல் எழுதினார். ஆட்டிசத்துக்குப் பெற்றோரின் அன்பின்மையைக் காரணமாக்கி புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு நூலே வெளியிட்டார். 'வளர்ப்பு சரியில்லை' என்று நம் ஊர்த் திண்ணையில் சொல்லும் அதே குற்றச்சாட்டு அங்கே மருத்துவ மொழியில் அச்சேறியது.

1982இல் உளவியலாளர் ஜேன் நிட்சர் எழுதிய அறிக்கை பார்வையைத் திருப்பியது. கடுமையான மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேவையான உதவி கிடைக்கவில்லை என்று அது காட்டியது. குற்றவாளிக் கூண்டிலிருந்து பெற்றோர் இறங்க, அரசு ஏறியது. பெற்றோர் ஒன்றுகூடினார்கள், 1989இல் அவர்களே நடத்தும் தேசியக் கூட்டமைப்பு உருவானது.

மாசசூசெட்ஸில் இந்தப் பணி நீதிமன்றத்தின் வழியாக வலுப்பெற்றது. 'ரோஸி டி.' என்ற புனைபெயரில் 2001இல் தொடுத்த வழக்கில், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு பெறும் பிள்ளைகளுக்கு வீட்டோடு இருந்தே சிகிச்சை பெறும் ஏற்பாட்டைச் செய்ய மாநிலம் தவறிவிட்டது என்று 2006 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதைத் தொடர்ந்து 2009 முதல் 'ஃபேமிலி பார்ட்னர்' என்ற பணியாளர்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். மனநலச் சிக்கல் உள்ள பிள்ளையை வளர்த்த அனுபவமே இவர்களுக்கு முதல் தகுதி.

இவர்கள் செய்வது என்ன? பள்ளியில் நடக்கும் சிறப்புக் கல்வித் திட்டக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1975ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்கு அங்கே இடம் தந்திருக்கிறது. ஆனால் மேசையின் ஒரு பக்கம் நிர்வாகி, ஆசிரியர்கள், உளவியலாளர் எல்லாம் இருக்க, மறுபக்கம் தாய் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஃபேமிலி பார்ட்னர் அவளுக்காக வாதாடுவதில்லை. நல்ல ஃபேமிலி பார்ட்னர் அப்படிச் செய்யவும் கூடாது. முந்தைய நாள் சமையலறையில் உட்கார்ந்து, எதைக் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று அவளோடு பேசி வைக்கிறாள். கூட்டத்தில் கையெழுத்துக் கேட்டால், 'வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்' என்று சொல்லலாம் என்பதே தாய்க்கு அப்போதுதான் தெரியவரும். எந்தத் தொலைபேசி எண்ணில் ஆள் எடுப்பார்கள், பையன் கதவை உடைக்கும் இரவில் போலீசுக்கு முன்னால் யாரை அழைக்கலாம் என்பதெல்லாம் எந்தப் பட்டப்படிப்பிலும் கிடைக்காத அறிவு. அதைவிட முக்கியம், 'என் வீட்டிலும் கதவு உடைந்திருக்கிறது' என்று ஃபேமிலி பார்ட்னரால் சொல்ல முடிகிறது. வெட்கம் பாதி கரைவது அங்கேதான். இந்தப் பணியின் உண்மையான பலம் இதுதான் என்பேன்.

சிக்கல் பணத்தோடு வந்தது. சக ஆதரவுக்கு மெடிக்கெய்டு நிதி பெறலாம் என்று 2007இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மேற்பார்வை, சிகிச்சைத் திட்டத்தோடு இணைப்பு, பயிற்சியும் சான்றிதழும் ஆகியவை நிபந்தனைகள். பெற்றோருக்குப் பெற்றோர் தரும் ஆதரவும் இதில் அடங்கும் என்று 2013இல் தெளிவுபடுத்தியது. நன்கொடையை நம்பி இழுத்துக்கொண்டிருந்த ஒரு பணிக்கு இதனால் நிலையான வருமானம் கிடைத்தது; அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கட்டணம் 15 நிமிட அலகுகளில் கணக்கிடப்படுகிறது. போன வீட்டில் கதவு திறக்காவிட்டாலோ பத்து முறை அழைத்தும் போனை யாரும் எடுக்காவிட்டாலோ பொதுவாக அந்த நேரத்துக்குக் காசில்லை. மிகவும் ஒடுங்கிப்போன குடும்பங்கள்தான் கதவைத் திறப்பதில்லை. எனவே யாருக்கு உதவி அதிகம் வேண்டுமோ அவர்களைத் தவிர்க்கவே இந்தக் கணக்கு நிறுவனங்களைத் தூண்டுகிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. தாய்க்குத் தரும் ஆதரவு பிள்ளையின் நன்மைக்கானதாகவே இருக்க வேண்டும். தூக்கமில்லாமல், வேலை போய், கணவனோடு பேச்சற்றுப் போன ஒருத்தியின் அழுகையைப் பிள்ளையின் சிகிச்சை இலக்கு ஒன்றோடு முடிச்சுப்போட்டுக் கோப்பில் எழுதியாக வேண்டும். தோழியாகப் போனவள் குறிப்பெழுதுபவளாகத் திரும்புகிறாள். போதாக்குறைக்கு, குழந்தை வதை பற்றிய சந்தேகத்தை யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று டெக்சஸ், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களின் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மனம்விட்டுப் பேசச் சொல்லிவிட்டு இதை முதல் நாளே சொல்லாமல் விடுவது துரோகம்.

இந்தப் பணியின் ஆதரவாளர்கள் பேசத் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. அனுபவம் வழிகாட்டும், வழி தவறவும் வைக்கும். 'என் பையனுக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஒரு வரி, கேட்பவளின் காதில் மருத்துவ ஆலோசனையாக விழுந்துவிடும். ஒரே அனுபவம் என்பதும் எவ்வளவு தூரம் ஒன்று? கவனக்குறைபாடு உள்ள மகனுக்குத் தனியார் மருத்துவரைத் தேடிக்கொண்ட புறநகர்த் தாயும், சிறார் காவலில் மகனைப் பார்க்கப் பஸ் ஏறும் தாயும் ஒரே வாழ்க்கையை வாழவில்லை. அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தமிழ் பேசும் சக தாய் வந்தால் ஆறுதல்தான். அதே தாயை அடுத்த ஞாயிறு கோயிலில் சந்திக்க நேருமே என்ற பயமும் கூடவே வரும். அப்பாக்களோ இந்தப் படத்தில் மிகக் குறைவு.

ஆய்வுச் சான்று எப்படி? 2010இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு 50 குடும்ப ஆதரவுத் திட்டங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் 33 மருத்துவத் துறையினர் நடத்தியவை. குடும்பத்தினரே நடத்தியவை 11 மட்டும். ஃபுளோரிடாவில், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளின் பெற்றோரை அனுபவமுள்ள பெற்றோர் தொலைபேசியில் தொடர்ந்து அழைத்துப் பேசிய திட்டமொன்றின் 2011 சோதனையில் பலன் சிறியதாகவே தெரிந்தது. கடும் நெருக்கடியில் இருந்த பெற்றோரிடம்தான் கொஞ்சம் கூடுதல். இதை வைத்து இந்தப் பணி வீண் என்பவர்களை நான் ஏற்கவில்லை. பிள்ளையின் அறிகுறி குறைந்ததா என்பதைவிட, சிகிச்சை பாதியில் நின்றதா, பிள்ளை வீட்டில் இருக்கிறதா, அரசிடம் ஒப்படைக்கும் நிலை வந்ததா என்பவையே இங்கே கேட்க வேண்டிய கேள்விகள். அதற்காக, மேடையில் கண்கலங்க வைக்கும் சாட்சியங்களைச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்தத் துறை தன்னை அளந்துகொள்ள இன்னும் கூச்சப்படுகிறது.

குறை தாய்மார்களின் பயிற்சியில் இருக்கிறது என்று மேலும் மேலும் சான்றிதழ்களைக் கூட்டுவது தவறான மருந்து. அவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள், எதற்கு ஊதியம் பெறுகிறார்கள் என்பதில்தான் கோணல். கிளினிக்கின் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஃபேமிலி பார்ட்னர், அந்தக் கிளினிக்கையே எதிர்த்துக் கேள்வி கேட்கும்படி ஒரு தாயைத் தயார்படுத்துவாள் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இவர்களைக் குடும்பங்கள் நடத்தும் அமைப்புகளே பணியமர்த்த வேண்டும். 15 நிமிட அலகை விட்டுவிட்டு மாதச் சம்பளம் தர வேண்டும். மேற்பார்வை, இதே வேலையைச் செய்து தேர்ந்த மூத்த பெற்றோரிடம் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் நடப்பது, குறைந்த கூலிக்குக் கிடைக்கும் இன்னொரு அலுவலக வேலை மட்டுமே.