ஆற்றலும் ஆட்டப் பயிற்சியும்: மட்டக்களப்புக் கூத்தரின் நடிப்பை முன்வைத்து ஒரு நோக்கு

நடிகன் பிறக்கின்றானா, ஆக்கப்படுகின்றானா என்பது நாடகத் திறனாய்விலே நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் வினாவாகும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளரான தீதரோ, உணர்ச்சிக்கு ஆட்படாது தன்னைக் கட்டுப்படுத்த வல்லவனே சிறந்த நடிகன் என வாதிட்டார். ருஷ்ய நெறியாளரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938), நடிகனின் அகவுணர்விலிருந்து தொடங்கிய தமது பயிற்சி முறையை, இறுதிக் காலத்தில் உடற்செயலிலிருந்து உணர்வை நோக்கிச் செல்வதாக மாற்றியமைத்தார். தமிழிலே சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இவ்வினாவுக்கு மறைமுகமான விடையொன்றைத் தருகிறது. மாதவியின் பிறப்பையும் அழகையும் கூறும் இளங்கோவடிகள், அவள் ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியதையும், ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன் முதலியோரின் தகைமைகளையும் விரிவாக உரைக்கிறார். ஒருத்தியின் ஆற்றல் பலரது அறிவினால் சூழப்பட்டே வெளிப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் எமது நாடக உரையாடல்களில் ‘பிறவிக் கலைஞன்’ என்ற தொடர் இன்றும் ஆராயப்படாமலே வழங்கி வருகின்றது. இத்தொடரைப் பரிசோதிப்பதற்கு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், ஆடப்பட்டுவரும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைவிடச் சிறந்த களம் வேறில்லை எனலாம்.

இக்கூத்துகளை ஆடுவோர் தொழில்முறைக் கலைஞரல்லர்; பெரும்பாலும் வேளாண்மைத் தொழிலாளரும் மீன்பிடிப்போருமாவர். வேலை ஓய்ந்த காலத்திலே ஊரவர் கூடிக் கூத்தொன்றைத் தெரிவுசெய்வர், அண்ணாவியார் அழைக்கப்படுவார், பாத்திரத்துக்குரிய பாடற்பகுதி ‘சட்டம் கொடுத்தல்’ என்னும் சடங்கின் மூலம் ஆடுவோருக்கு வழங்கப்படும். அதன்பின் இரவு தோறும் பயிற்சி நிகழும். மத்தளத்துக்கும் சல்லரிக்கும் இசையக் காலை வைக்கவும், தாளக்கட்டை உடலில் ஏற்றவும், ஆடிய மூச்சு அடங்குமுன் பாட்டை எடுக்கவும் ஆடுவோர் பழகுவர். ஆட்டம் ஓரளவு கைவந்த பின்னரே சதங்கை அணியும் விழா நடைபெறும். கால் பயிலாதவனுக்குச் சதங்கை இல்லை என்ற இவ்விதி, ஆற்றலைப் பயிற்சியின் பின்னரே அங்கீகரிக்கும் ஒரு நியதியாகும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். அரசனது வரவு ஆட்டமும் பெண் பாத்திரத்தின் வரவு ஆட்டமும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. கூத்தன் அவற்றைத் திருப்பி ஆடுகின்றான். இதிலே தனியாற்றலுக்கு இடமேது? களரியைக் கூர்ந்து நோக்குவோர் இம்மறுப்பை ஏற்கமாட்டார். ஒரே தாளக்கட்டை இருவர் ஆடும்போது ஒருவன் தாளத்தைத் துரத்துகிறான். மற்றவன் தாளத்தைத் தாங்கி நின்று, இறுதித் தீர்மானத்திலே மத்தளத்தோடு ஒன்றாக விழுகிறான். பாரமான கரப்புடுப்பையும் முடியையும் சுமந்து வடமோடியில் ஆடுபவன் அச்சுமையைத் தளர்ச்சியாக வெளிக்காட்டலாம். அதனையே அரசனின் கனதியாக மாற்றவும் செய்யலாம். சோகக் கட்டத்தில் பாட்டை இழுத்துப் பாடும் கூத்தன், ஊரவர் இழவு வீட்டிலே கேட்டறிந்த ஒப்பாரியின் சாயலை அதில் ஏற்றுகின்றான். இவை எதுவும் சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆயின் ஆட்டமுறையைக் கைவரப் பெறாதவனுக்கு இவை வாய்ப்பதுமில்லை. எனவே வரையறுக்கப்பட்ட முறைமை தனியாற்றலை ஒடுக்குவதாகக் கொள்வது தவறாகும். முறைமை உள்ள இடத்திலேதான் ஆற்றல் வேறுபாடாகத் தெரியவருகிறது.

இவ்வேறுபாட்டைக் கண்டறிபவர் யாவர்? வட்டக்களரியைச் சூழ்ந்து விடியும்வரை அமர்ந்திருக்கும் ஊரவரே. அவர்களுள் பலர் முன்னைய ஆண்டுகளில் தாமே ஆடியவர்கள். ஏனையோர் இரவுப் பயிற்சிகளைப் பார்த்துத் தாளமறிந்தவர்கள். ஆட்ட நுட்பம் ஊரின் பொதுச் சொத்தாக இருப்பதனாலேயே ஒருவனின் ஆற்றல் அங்கு மதிப்பிடப்படுகின்றது. அறிந்தோர் கூட்டமின்றி ஆற்றலுக்கு அளவுகோல் இல்லை.

ஆயினும் இப்பொதுச் சொத்து யாவர்க்கும் சமமாகப் பகிரப்பட்டதெனக் கொள்வதற்கில்லை. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தனர். தாளமறிந்த பெண்கள் பார்வையாளராயிருந்தனரேயன்றி அவர்களுக்குச் சதங்கை அணிவிக்கப்படவில்லை. பாத்திரப் பகிர்விலே குரலும் தோற்றமும் மட்டுமன்றி, ஊரில் ஒருவருக்கிருந்த சமூக நிலையும் செல்வாக்குச் செலுத்தியது. ‘பிறவி ஆற்றல்’ என்று போற்றப்பட்டது பல வேளைகளில் வாய்ப்பின் மறுபெயராகவே இருந்துள்ளது. வாய்ப்பு மறுக்கப்பட்டோரிடம் ஆற்றல் இல்லையென்று கூறுதல், பூட்டிய வீட்டுக்குள் விளக்கில்லை என்பதனை ஒக்கும்.

கூத்துப் பல்கலைக்கழக அரங்கிற்கு வந்தபோது இப்பிரச்சினை புதிய வடிவம் பெற்றது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ (1956) சிங்கள மரபுவழி நாடகத்துக்குப் புத்துயிர் அளித்த சூழலில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963) ஆகியவற்றையும், தொடர்ந்து ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றையும் மேடையேற்றினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். விடிய விடிய ஆடப்பட்டது குறுகிய நேரத்துள் அடக்கப்பட்டது. வட்டக்களரி ஒருபுறம் மட்டும் பார்க்கப்படும் மேடையாயிற்று. ‘இராவணேசன்’ இராவணனின் உள்ளப் போராட்டத்தை ஆட்டத்தின் வழியே காட்ட முனைந்தது. அதில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு மட்டக்களப்பு மண்ணிலே கூத்தோடு வளர்ந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கிராமத்து ஆட்டம் படித்தோர் அரங்கிற் பெருமை பெற்றமை இம்முயற்சிகளின் மறுக்கவியலாச் சாதனையாகும்.

அதேவேளை நகர மேடையின் முன்னமர்ந்தோர் தாளக்கட்டை அறிந்தோரல்லர். அவர்கள் முகபாவத்தையும் உணர்ச்சி வெளிப்பாட்டையும் கண்டு வியந்தனர். காலின் நுட்பம் அவர்களுக்கு அலங்காரமாகவே தோன்றியது. இதன் விளைவாக ஆற்றல் மேடையில் தோன்றிய நடிகனுக்கும் நெறியாளருக்கும் உரியதாகவும், நுட்பம் அண்ணாவியாருக்கு உரியதாகவும் பிரித்து நோக்கப்பட்டது. சிருஷ்டி ஒரு பக்கத்திலும் வெறும் வித்தை மறுபக்கத்திலும் நிறுத்தப்பட்ட இப்பிரிவினை, மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையே சமூகம் விதித்த ஏற்றத்தாழ்வின் கலைவடிவமே எனின் மிகையாகாது. மாணவரின் உடலைப் பார்த்து, எவருக்கு எந்த ஆட்டத்தை எவ்வளவு குறைத்தும் கூட்டியும் கொடுக்கலாமெனத் தீர்மானிக்கும் அண்ணாவியாரின் செயல் சிருஷ்டியன்றி வேறென்ன?

இன்று கூத்துப் பல்கலைக்கழகங்களிலே பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. போர் நிகழ்ந்த பல்லாண்டுகளில் இரவு ஒன்றுகூடல் அரிதாகிப் பயிற்சித் தொடர்ச்சி பல ஊர்களிலே தளர்ந்த பின்னணியில் இது வரவேற்கத்தக்கதே. ஆயின் பாடவேளைக்குள் சில தாளக்கட்டுகளைக் கற்பித்துவிட்டு, எஞ்சியதை மாணவரின் ‘இயல்பான திறமை’க்கு விட்டுவிடுதல், கூத்து மரபு எமக்குக் காட்டிய பாதைக்கு எதிரானது. பயிற்சிக் காலம் நீள வேண்டும். அண்ணாவியார் ஆசிரியராகவே அமர்த்தப்பட வேண்டும். பெண்களும் இதுகாறும் புறநிறுத்தப்பட்டோரும் ஆட்டத்தை முழுமையாகப் பயில வேண்டும். ஆடாதோரும் தாளமறிய வேண்டும். நுட்பம் எவ்வளவு பரவலாக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு ஆற்றல் புலப்படும். நல்ல நடிகர் அரிதாகவே தோன்றுவர் என்று ஒரு சமூகம் கூறுமாயின், அது எத்தனை பேருக்குச் சதங்கை அணிவித்தது என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும்.