தினைக் கிண்ணத்தின் நிறையும் குறையும்

தருமபுரி மாவட்டத்து வீடுகளில் வளரும் கிளிகளின் உணவை ஆராயும்போது, நாட்டுப் பச்சைக்கிளியை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். எஞ்சுபவற்றுள் பெரும்பான்மையானவை, கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜியும், கொண்டையுள்ள காக்டெயிலும் ஆகிய ஆஸ்திரேலியக் கிளியினங்களே. இவற்றுக்கு ஆண்டு முழுவதும் தினையை மட்டுமே இடும் வழக்கம் இங்கே ஆய்வுக்குரியது.

இவ்வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. பட்ஜி தன் தாயகத்தின் வறண்ட வெளிகளில் புல்விதைகளைத் தின்று வாழும் பறவை. தினையும் புல்லினத்துத் தானியமே. சித்தேரி மலைச் சரிவுகளில் சாமையும், சமவெளிப் புன்செய்களில் கேழ்வரகும் விளையும் ஒரு மாவட்டத்தில் சிறுதானியம் எளிதில் கிடைப்பதோடு, உமியுடன் இருப்பதால் கோடையிலும் கெடாமல் இருக்கிறது; உமியைத் தானே உரித்துத் தின்னும் வேலை, கூண்டில் அடைபட்ட பறவையின் அலகுக்கும் பொழுதுக்கும் உகந்தது.

குறை, தினை என்னும் தானியத்தில் இல்லை. அது மட்டுமே உணவாகிவிடுவதில்தான் இருக்கிறது. காட்டுப் பட்ஜி பால் பிடித்த பச்சைக் கதிரையும் தின்று, நெடுந்தொலைவு பறந்து அதைச் செரிக்கிறது. கூண்டுப் பறவைக்குக் கிடைப்பதோ உலர்ந்த மணி மட்டுமே. அம்மணியில் வைட்டமின் ஏ பெயரளவுக்கே உள்ளது. அச்சத்துக் குன்றினால் வாய், மூச்சுப்பாதை ஆகியவற்றின் உட்சவ்வு தடித்துச் செதிலாகிக் கிருமிகளுக்கு இடம் கொடுப்பதால், சளி என்று கருதப்படும் நோய் பல வேளைகளில் உண்மையில் உணவுக் குறைபாடாகவே இருக்கிறது. மேலும், 100 கிராம் தினையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 290 மில்லிகிராம் இருக்க, சுண்ணாம்புச் சத்து 30 மில்லிகிராம் அளவே உள்ளது. உடலுக்கு வேண்டியதோ பாஸ்பரஸை விடச் சற்றுக் கூடுதலான சுண்ணாம்புச் சத்து. இந்த ஏறுமாறு நீடித்தால் பெட்டைக்கு முட்டை வெளிவராமல் அடைத்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டு, உயிரே போகக்கூடும். இன்னொரு கேடு கிண்ணத்திலேயே இருக்கிறது: பறவை மணியைத் தின்று உமியைக் கிண்ணத்திலேயே உதிர்ப்பதால், மேலே உமி பரவிக் கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்ற, அடியில் ஒரு மணியும் இல்லாமல் பறவை பட்டினி கிடக்கிறது. நாள்தோறும் உமியை ஊதிப் பார்க்காத வீட்டில் இது நேர்ந்துகொண்டே இருக்கும்.

இதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படும் பெல்லட், அதாவது சத்துகளைக் கலந்து அழுத்திச் செய்த குறுணைத் தீவனம், சீரானது என்பதில் ஐயமில்லை. ஆனால் விலையாலும் கிடைப்பருமையாலும் அது சிற்றூர் வீடுகளுக்கு எட்டுவதில்லை. அருகிலேயே உள்ள மாற்றுகளுக்குக் கூடுதல் கவனம் தரப்பட வேண்டும். முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கரோட்டினும் சுண்ணாம்புச் சத்தும் ஒருங்கே உள்ளன. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து தினையினுடையதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். முளைகட்டினால் அது எளிதில் செரிக்கும். மஞ்சள் பூசணியும் கேரட்டும் பழங்களைவிட மேலானவை. தருமபுரியின் மாம்பழம் சர்க்கரை மிகுந்ததாதலால் ஒரு துண்டே போதும். சூரியகாந்தி விதையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. கலவைத் தீனியில் காக்டெயில் அதை மட்டும் பொறுக்கித் தின்பதால், பலவகை என்ற பெயரில் மீண்டும் ஒருவகை உணவே எஞ்சுகிறது. அவகேடோவும் சாக்லெட்டும் கிளிகளுக்கு நஞ்சு.

பலவகை உணவுக்கும் இடர்கள் உண்டு. நனைந்த முளைப்பயிறு கோடை வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும்; பூச்சிமருந்து தெளித்த கீரை, கழுவாமல் இட்டால் மருந்தாகாமல் கேடாகும். தினையிலேயே வளர்ந்த பறவைக்கு இலை உணவாகவே தெரிவதில்லை என்பதால், தினையைத் திடீரென நிறுத்துவது கொடுமையாகும். காலையில் முதலில் கீரையைக் கம்பியில் செருகிவைத்து, பின்னர் தினையிட்டு, வாரக்கணக்கில் பொறுமையாகப் பழக்க வேண்டும். பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம் வரையே என்பதால், இம்மாற்றத்தின்போது கிராம் காட்டும் தராசில் அதை அடிக்கடி நிறுத்துப் பார்த்து, எடை இறங்கினால் தினையின் அளவை உடனே பழையபடி கூட்டுவதே முறை.