வாய் பிளந்த மிருகத்தை எப்படி ரசிப்பது?

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலத்துக்கு வரும் வியாபாரி, குவியலின் உயரத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். தீ கக்கும் பாம்பு, பறக்கும் நாகம், யானையை மிதிக்கும் யாளி எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். உருவம் எவ்வளவு பெரிது என்பதில் ரசிக்க அதிகம் இல்லை. அதை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள், எந்த நேரத்தில் அவிழ்த்துவிடுகிறார்கள் என்பதில்தான் சங்கதி.

லீவு விட்டால் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்திலிருந்தே தொடங்கலாம். என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் 2002-இல் வெளியிட்ட ‘ஏஜ் ஆஃப் மைத்தாலஜி’யில் கிரேக்க, எகிப்திய, நார்ஸ் தெய்வங்கள் ஆளுக்கொரு வரம் தருவார்கள். நார்ஸ் அணியில் ஹெல் என்னும் பாதாள தேவதையைத் தேர்ந்தால் கிடைக்கும் வரம் நிதோக் என்ற பறக்கும் நாகம். வானத்திலிருந்து தீயைக் கக்கிப் படையையும் கட்டடங்களையும் பொசுக்கிவிடும். கிட்ட நின்று வெட்டும் வீரர்களால் அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். வில்லாளிகளைப் போலத் தூரத்திலிருந்து தாக்குகிறவர்கள்தான் அதை அடிக்கலாம்.

முதல் பதிப்பில் ஓர் ஆட்டத்துக்கு ஒரே தடவைதான் நிதோக்கை அழைக்க முடியும். புதிதாக ஆடுகிறவர் வரம் கிடைத்த கையோடு கூப்பிட்டுவிடுவார். அது நேராக எதிரியின் வில்லாளிகள் நடுவே போய் அடிபட்டு விழும். தேர்ந்தவர் அவசரப்படமாட்டார். ஒரு மூலையில் வம்புச் சண்டை இழுத்து எதிரியின் வில்லாளிகளை அங்கே வரவழைப்பார். அவர்கள் போன பிறகு, விறகு வெட்டுகிறவர்களும் தங்கம் தோண்டுகிறவர்களும் இருக்கும் மறு மூலையில் நாகத்தை இறக்குவார். பக்கத்தில் நின்று பார்க்கிறவர் தீயைப் பார்ப்பதைவிட, அதற்கு முந்தைய இந்த ஐந்து நிமிடக் காத்திருப்பைக் கவனித்தால் ஆட்டம் பிடிபடும். 2024-இல் வந்த ‘ரீடோல்ட்’ பதிப்பில், வரங்களை விலை கொடுத்து மறுபடியும் வாங்கிக்கொள்ள வழி செய்துவிட்டார்கள். வசதிதான். ஆனால் தப்பான நேரத்தில் கூப்பிட்டுவிடுவோமோ என்று கை நடுங்குவதில் ஒரு சுகம் இருந்தது; அது குறைந்துபோயிற்று.

நிதோக்கின் சொந்தக் கதையில் இந்தத் தீக்குப் பெரிய இடமில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைத்த எட்டா நூல்களின்படி, உலகைத் தாங்கும் இக்ட்ரசில் என்ற மரத்தின் வேரை அடியிலிருந்து கடித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. மர உச்சியில் ஒரு கழுகு. இரண்டுக்கும் ஆகாது. ரடடோஸ்க் என்ற அணில் மேலும் கீழும் ஓடி, இவன் திட்டியதை அவனிடமும் அவன் திட்டியதை இவனிடமும் சொல்லிக்கொண்டிருக்கும். ஆட்டத்தின் நாக வரத்தில் அந்த மரத்துக்கும் வேருக்கும் இடமில்லை என்பது என் குறை.

அதே புராணத்தில் ஃபென்ரிர் என்ற ஓநாய் உண்டு. சங்கிலிகளையெல்லாம் அறுத்தெறிந்த அதைக் கடைசியில் பட்டு நாடா போன்ற ஒரு மெல்லிய கட்டால் தேவர்கள் கட்டினார்கள். பூனையின் காலடி ஓசை, மீனின் மூச்சு, மலையின் வேர் என்று இல்லாத பொருள்களால் முறுக்கிய நாடா அது. நம்பிக்கைக்கு ஈடாக அதன் வாயில் கையை வைத்திருந்த டிர் என்ற தேவன் கையை இழந்தான். பிறகு அது கடிக்காமலிருக்க, மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே ஒரு வாளை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். (ஆட்டத்தில் அந்த டிரின் வரிசையிலேயே ஓநாய்க் குட்டிகளைச் சேர்த்திருப்பது நல்ல குறும்பு.) முட்டுக்கொடுத்த அந்த வாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர்க் கல்லில் இந்த மிருகங்களைப் பார்க்க, நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் போய் நாமக்கல்லுக்கு பஸ் ஏறுங்கள். கோட்டை நிற்கும் பாறையின் மேற்குப் பக்கம் நரசிம்மர் குடைவரை, கிழக்குப் பக்கம் அரங்கநாதர் குடைவரை. இரண்டும் 8ஆம் நூற்றாண்டு வாக்கில் அதியர் குலத்தார் குடைந்தவை. அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. பெரும்பாலான பக்தர்கள் நரசிம்மரையும் நாமகிரித் தாயாரையும் சேவித்து, எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயரையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பாறையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வாருங்கள்.

இங்கே பெருமாளுக்குப் படுக்கை ஆதிசேஷன் இல்லை, கார்க்கோடகன் என்கிறது தலபுராணம். நளன் கதையில் நெருப்பில் சிக்கித் தவித்து, காப்பாற்றியவனையே கடித்து உருவத்தை மாற்றிய அதே பாம்பு. தீபாராதனை காட்டும்போது நம் கண் தானாகத் திருமுகத்துக்குப் போகும். இரண்டாம் சுற்றில் தலைமாட்டுக்கு மேலே படத்தைப் பாருங்கள். பாம்பின் முகத்தில் சிங்கச் சாயல் உண்டு என்று சொல்வார்கள். அங்கிருந்து உடல் சுருளைத் தொடர்ந்து வாருங்கள். விஷப் பாம்பு மெத்தையாக மடிந்து கிடக்கிறது. படம் மட்டும் விழித்திருக்கிறது.

அந்தப் படம் சீறினால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமானால் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் போகவேண்டும். சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில் குடைவரையில், பள்ளிகொண்ட பெருமாளின் கால்மாட்டில் மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள். ஆதிசேஷன் அவர்கள்மேல் விஷத் தீயைக் கக்குகிறான். நம் ஊர்க் கல்லில் தீ கக்கும் நாகம் இதுதான். கட்டளை இல்லாமலே எதிரியைக் கண்டதும் பாயும் படைகள் ஆட்டத்தில் உண்டல்லவா, சேஷனும் அப்படித்தான் பாய்ந்தான். பெருமாளை எழுப்பிக் கேட்கவில்லை. செய்த பிறகுதான் பயம் வந்து படத்தைச் சுருக்கிக்கொண்டான், எழுந்த பெருமாள் மெச்சினார் என்று தலபுராணம் போகிறது. எதிரியைப் பொசுக்கிவிட்டு எஜமானனுக்குப் பயப்படும் நாகத்தை எந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது சேலத்துக்கு மேற்கே தாரமங்கலம். கைலாசநாதர் கோயில், கெட்டி முதலிகளின் திருப்பணி. வந்தவர்கள் எல்லாரும் கேட்பது, வாயில் கல் உருண்டை வைத்திருக்கும் அந்த யாளி எங்கே என்றுதான். வாய்க்குள் உருண்டை உருளும், வெளியே மட்டும் வராது. வெளியே செய்து உள்ளே போட்டதில்லை அது. வாயைக் குடையும்போதே நடுவில் ஒரு கட்டியை விட்டுவைத்து, பல் இடுக்குகள் வழியாகச் சிற்றுளியை நுழைத்துச் சுற்றிலும் செதுக்கி, கடைசி ஒட்டையும் அறுத்து விடுவித்திருக்க வேண்டும். ஓர் அடி பிசகினால் பல் போகும். பல் போனால் தூணே வீண். ஃபென்ரிர் வாயில் வாள் செய்த வேலையை இங்கே ஓர் உருண்டை செய்கிறது: வாய் திறந்தே இருக்கிறது, கடிக்கத்தான் முடியவில்லை. கோயில்காரர்களைக் கேட்காமல் விரலை நுழைக்காதீர்கள்.

இந்த உருண்டையோடு திரும்பிவிடுகிறவர்கள் பாதிதான் பார்த்தவர்கள். யாளித் தூண் எந்தக் கோயிலில் இருந்தாலும் கீழிருந்து மேலே பாருங்கள். முதலில் பின்னங்கால்: மொத்த எடையும் எங்கே இறங்குகிறது? அடுத்து, காலடியில் யானை இருந்தால் அதன் துதிக்கை எங்கே போகிறது என்று தொடருங்கள். சங்கப் பாடல்களிலேயே ஆளி யானையை வேட்டையாடும் விலங்கு, பகை பழையது. பிறகு மேலே வீரன் இருந்தால் அவன் கை. கடிவாளம் இறுகியிருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா? இறுகியிருந்தால் யாளி இன்னும் அவன் பிடியில் இருக்கிறது. நல்ல சிற்பி மிருகத்தின் கழுத்தில் அந்த இழுப்பைக் காட்டியிருப்பான். சுமாரானவன் கண்ணை உருட்டி வைத்துவிட்டுப் போயிருப்பான். கடைசியாக நான்கடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். முன்னால் நின்றால் அலங்காரமாகத் தெரியும் வளைவு, பக்கத்திலிருந்து பார்த்தால் பாய்ச்சலாகத் தெரியும்.

தாரமங்கலத்தில் மதியம் நடை சாத்துவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். மாசி மாதத்தில் மூன்று நாள் மாலை வெயில் மூலவர்மேல் விழுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். யாளிக்காகப் போகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது. தூணைச் சுற்றி நான்கடி நகர இடம் கிடைக்காது.