பந்தயத்தில் வென்றால்தான் மனிதனா?

2007இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்திப் படத்தையும், 2013இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ என்னும் தமிழ்ப் படத்தையும் நம்மிற் பலர் கண்கலங்கப் பார்த்திருக்கிறோம். முன்னதில், எழுத்தைக் கூட்டி வாசிக்க இடர்ப்படும் சிறுவன். பின்னதில், ஓட்டிசம் உடைய சிறுவன். இத்தகைய பிள்ளைகளைக் கதைத் தலைவர்களாக்கிய துணிவு பாராட்டுக்குரியதே. எனினும், ஒருவன் ஓவியப் போட்டியில் வெல்கிறான். மற்றவனின் திறன் ஓட்டத்தில் வெளிப்படுகிறது. வெற்றியே அவர்கள் ஏற்கப்படுவதற்கு வாயிலாகிறது. ஓவியமும் வராத, ஓட்டமும் வராத பிள்ளையின் கதி யாது? மனிதனை அவன் ஈட்டித்தரும் பயனைக் கொண்டே எடைபோடும் சந்தை மனப்பான்மை, கருணை வேடம் பூண்டு நமது கலைக்குள்ளும் புகுந்துவிட்டது என்றே கூறுதல் வேண்டும்.

நாம் வழங்கும் சொல்லும் இக்குறைக்கு விலக்கன்று. ‘மதியிறுக்கம்’ என்கிறோம். இறுகியிருப்பது அவர்களுடைய மதியா, நம்முடையதா? ஒலியையும் ஒளியையும் தொடுகையையும், பிறர் பேச்சின் குறிப்பையும் மூளை வேறுவிதமாக ஏற்பதே ஓட்டிசம். 1943இல் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அப்பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். நமது கற்பனைதான் வளரவில்லை. இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான சிறிய ஆய்வொன்று, 93 பேருக்கு ஒருவர் எனக் கணித்தது. அத்தலைமுறைக் குழந்தைகள் இன்று பல்கலைக்கழக வாயிலில் நிற்கின்றனர்.

அந்த வாயில் எத்தகையது? வெள்ளவத்தைத் தனியார் வகுப்பொன்றை எண்ணிப் பார்ப்போம். ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர், ஒலிபெருக்கியின் முழக்கம், வெளியே காலி வீதியின் இரைச்சல். ஒவ்வோர் ஒலியும் ஊசியாய்க் குத்தும் மாணவி அங்கே எதனைக் கற்பாள்? அவள் அடங்கியிருப்பதை நாணம் என்று புகழ்கிறோம். பெண்பிள்ளைகளிடத்தில் ஓட்டிசம் பெரும்பாலும் காலந்தாழ்த்தியே கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வசதியுள்ள குடும்பம் பணம் செலுத்திப் பரிசோதனை செய்விக்கலாம். கொட்டாஞ்சேனையில் நாட்கூலியில் வாழும் தாய் என் செய்வாள்? சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குக் காசு வேண்டும். இங்கும் வர்க்கமே தீர்ப்பெழுதுகிறது.

ஊனத்தைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கலாகாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. நல்லதே. ஆயின், கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கை இல்லையென்பது அனுமதியாகுமா?

இனி நம்மையே நாம் விமரிசித்துக்கொள்ள வேண்டும். பகிடிவதையை ‘ஏற்றத்தாழ்வைத் தகர்க்கும் கருவி’ என்று நியாயப்படுத்தும் குரல், இடதுசாரி மாணவரிடையேயும் ஒலித்திருக்கிறது. 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார்; அதனைத் தடைசெய்யும் சட்டம் 1998இல்தான் வந்தது. கேலி எது, கட்டளை எது எனப் பிரித்தறிய இடர்ப்படும் மாணவனுக்கு, பிறர் தொட்டாலே உடல் பதறும் மாணவிக்கு, அந்த முதல் வாரங்கள் எத்தகைய நரகம்! எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது சமத்துவமன்று. அவரவர்க்குத் தேவையானதை அவரவர்க்கு வழங்குவதே சமத்துவம். இதனை நாம் பிறர்க்குப் போதிக்கிறோம், நம் விடுதியில் மறக்கிறோம்.

வேண்டுவன பெரிய செலவுடையனவும் அல்ல. விரிவுரைக் குறிப்பை முன்கூட்டியே தருதல். வாய்மொழி அறிவித்தலை எழுத்திலும் இடுதல். பரீட்சைக்கு அமைதியான அறையும் கூடுதல் நேரமும் அளித்தல். அவையில் பேச இயலாதவர் எழுதித் தர இசைதல். இளைப்பாற ஒரு சந்தடியற்ற மூலையை ஒதுக்குதல். இவற்றுட் பலவற்றிற்குச் சான்றிதழே தேவையில்லை. தெளிவான குறிப்பால் நட்டமடைந்த மாணவர் எவருமில்லை.

கன்னங்கரா 1945இல் நடைமுறைக்குக் கொணர்ந்த இலவசக் கல்வி, வென்றவனுக்குச் சூட்டும் மாலையன்று. பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. நம் எழுத்தாளர் இனி எழுத வேண்டிய கதை, பரிசு எதுவும் பெறாத, சாதாரணப் பட்டம் ஒன்றைப் பெற்று, சாதாரண வேலை ஒன்றுக்குச் செல்லும் ஓட்டிசம் உடைய இளைஞனின் கதையே. அக்கதை மெய்யாகக்கூடிய வகுப்பறையை அமைப்பது, ஆசிரியரும் மாணவருமாகிய நமது கடமை.