உலக அதிசயங்கள்: கண்ணுக்குத் தெரிந்தவையும் தெரியாதவையும்

உலக அதிசயங்கள் ஏழு என்று பள்ளிச் சிறுவனும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பான். ஏழு என்று வரையறுத்தவர் யாவர், எட்டாவது ஒன்றுக்கு இடமில்லாமற் போனது ஏன், ஒன்றைக் கொள்வதற்கும் மற்றொன்றைத் தள்ளுவதற்கும் அளவுகோல் யாது என்று வினவினால், சிறுவன் மட்டுமன்று, அவனுக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியரும் விழிப்பார். ஒரு காவியத்தைச் சிறந்தது என்று கூறுவோனிடம் காரணம் கேட்கிறோம். ஒரு கட்டடத்தை உலகிலேயே சிறந்தது என்று கூறுவோனிடம் மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை. பட்டியலும் ஒருவர் மனத்திற் பிறந்து ஒருவர் எழுதிய எழுத்தே. ஆகவே அதுவும் விமரிசனத்துக்கு உட்பட்டதே என்பது நமது அபிப்பிராயம்.

பழைய பட்டியலை முதற்கண் எடுத்துக்கொள்வோம். அது கிரேக்கர் செய்தது. கிரேக்கர் அறிந்த உலகம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த உலகம். ஆதலின் அவர்தம் அதிசயங்கள் யாவும் எகிப்திலிருந்து பாபிலோன் வரையில் அடங்கிவிட்டன. சீனம் இல்லை, இந்தியா இல்லை. இதன் பொருட்டு அவர்களைக் குறை கூறுதல் நேர்மையன்று; தாம் காணாததை எவ்வாறு எழுதுவர்? ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. அவர்கள் இவற்றுக்கு முதலில் இட்ட பெயர் 'காட்சிகள்' என்னும் பொருளுடையது. கப்பலேறிச் செல்வோன் காண வேண்டியவை இவை என்பதே கருத்து. காட்சி என்பது நாளடைவில் அதிசயம் ஆயிற்று. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவதே பெருமையுடையது என்னும் மயக்கம் அன்று புகுந்தது, இன்றளவும் அகலவில்லை.

அந்த ஏழும் எதன் பொருட்டு எழுந்தவை? எகிப்தியப் பிரமிடு ஓர் அரசன் கல்லறை. ஹாலிகார்னாசஸ் நகரத்து மண்டபமும் ஓர் அதிபதியின் கல்லறையே. ஒலிம்பியாவில் ஸியூஸ் சிலை, எபேசஸில் ஆர்ட்டெமிஸ் கோயில், ரோட்ஸ் தீவில் சூரிய தேவன் சிலை; இம்மூன்றும் தெய்வங்களுக்கு உரியன. பாபிலோன் தொங்கு தோட்டம், மலைநாட்டிற் பிறந்த அரசியின் ஏக்கந் தீர மன்னன் அமைத்தது என்பது கதை. அப்படியொரு தோட்டம் அந்நகரில் இருந்ததற்கே திட்டமான சான்று இன்னும் அகப்படவில்லை. எஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று. அதுதான் அலெக்சாந்திரியாத் துறைமுகத்து வாயிலில், பாரோஸ் என்னும் சிறு தீவில் நின்ற கலங்கரை விளக்கம்.

ஏழனுள்ளும் பெயர் தெரியாத மாலுமிக்காக எழுந்தது இவ்விளக்கு ஒன்றேயாகும். கி.மு. 280-ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட இதன் உயரம் 330 அடிக்கு மேல் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். அந்தக் கரையோ தாழ்ந்த கரை, அடையாளங் காண ஒரு குன்றும் இல்லை, நீருக்கடியிற் பாறைகள். உச்சியில் எரிந்த தீ எத்தனை உயிரைக் காத்தது என்பதைக் கணக்கிட்டவர் எவருமிலர். ஆயினும் வியப்பைக் கேளுங்கள்: சைதோன் நகரத்து ஆன்டிபேட்டர் என்னும் புலவர் ஏழு அதிசயங்களையும் தொகுத்துப் பாடியபோது இவ்விளக்குக்கு இடந் தரவில்லை! பாபிலோன் மதிலுக்கு இடங் கொடுத்தார். பின் வந்தோர்தாம் மதிலை விலக்கிவிட்டு விளக்கைச் சேர்த்தனர். புலவர் கண்ணுக்கு விளக்கைவிட மதில் பெரிதாகத் தெரிந்தது போலும்.

இவ்விளக்கைப் பற்றி லூசியன் என்னும் கிரேக்க ஆசிரியர் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். கட்டிய சிற்பி சோஸ்திராத்தஸ் தன் பெயரைக் கல்லில் ஆழமாகச் செதுக்கினான். அதன்மேற் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, சாந்தின்மேல் அரசன் பெயரை எழுதி வைத்தான். ஆண்டுகள் கழிந்தன, சாந்து உதிர்ந்தது, அரசன் பெயரும் உடன் உதிர்ந்தது. உள்ளிருந்த சிற்பியின் பெயர் வெளிப்பட்டு நின்றது. இது நடந்ததோ, லூசியன் புனைந்ததோ, அதைப் பற்றி நாம் வழக்காட வரவில்லை. ஆனால் அதிசயங்களை மதிப்பிடப் புகுவோன் கையில் இருக்க வேண்டிய உளி இக்கதையில் இருக்கிறது. பூச்சை உதிர்த்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதுதான் அவன் வேலை.

நிற்க. அண்மைக் காலத்துப் பட்டியலுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பெர்னார்டு வெபர் என்பவர் தோற்றுவித்த ஒரு தனியார் நிறுவனம், உலக மக்களிடம் வாக்குப் பெற்று ஏழு புதிய அதிசயங்களை 2007-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் லிஸ்பன் நகரில் அறிவித்தது. சீனப் பெருஞ்சுவர், யோர்தானின் பெட்ரா, ரியோ டி ஜனேரோவின் கிறிஸ்து சிலை, பெரு நாட்டு மச்சு பிச்சு, மெக்சிகோவின் சிச்சென் இட்சா, ரோமாபுரியின் கொலோசியம், ஆக்ராவின் தாஜ்மகால் என்பன அவை. பத்துக் கோடி வாக்குகள் வந்தன என்று நடத்தியோர் கூறினர். இணையத்தின் வாயிலாகவும் தொலைபேசி வாயிலாகவும் வாக்கு. ஒருவரே பலமுறை வாக்களிப்பதற்கும் தடையில்லை. பிரேசிலில் சிலைக்காகப் பெரும் பிரசாரம் நடந்தது. யோர்தானில் அரசியாரே வாக்குக் கேட்டார். இந்தியாவில் தாஜ்மகாலுக்கு வாக்களிப்பது தேசபக்தி ஆயிற்று. எகிப்தியரோ, பிரமிடு போட்டியில் நிற்பதா என்று சினந்தனர். அதற்கு ஒரு கௌரவ இடந் தந்து அமைதிப்படுத்தினர். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அறிக்கை விடுத்தது.

மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு என்று கூறி இதனை ஆதரிப்போர் உளர். நாடாள்வோரைத் தேர்ந்தெடுக்க மக்கள் வாக்கே தகுதி; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எந்த நாட்டில் ஜனத்தொகை மிகுதி, எந்த நாட்டில் தொலைபேசி மிகுதி என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது கலையின் தீர்ப்பாகுமா? கிரேக்கப் புலவரிடம் குறுகிய உலகம் இருந்தது. எனினும் தாம் கண்டவற்றைத் தாமே எடை போட்டார். 2007-இல் எடை போட்டவர் எவருமிலர்.

நாம் எடை போட்டுப் பார்ப்போம். பெட்ராவுக்குச் செல்வோர் குறுகிய மலைப்பிளவு வழியே நடந்து, இளஞ்சிவப்புப் பாறையிற் குடைந்த ஒரு முகப்பின் எதிரே திகைத்து நிற்பர். 'கருவூலம்' என்று அதற்குப் பெயர். உண்மையில் அது மன்னனொருவன் கல்லறை என்றே கருதப்படுகிறது. திகைத்து நிற்போர், தாம் நடந்து வந்த வழியின் இரு மருங்கிலும் பாறையில் வெட்டிய கால்வாயைப் பார்த்தாரா? மழை அரிதாகப் பெய்யும் பாலைநிலத்தில் நபத்தேயர் ஒவ்வொரு துளியையும் பிடித்து, சுடுமண் குழாயிற் செலுத்தி, தொட்டியிற் சேர்த்து, ஒரு நகரத்தையே வாழவைத்தனர். திடீர் வெள்ளம் பிளவுக்குட் புகாதபடி வாயிலில் அணையிட்டு வேறு வழியே திருப்பிவிட்டனர். அந்த அணை பழுதுற்றுப் போயிருந்த 1963-ஆம் ஆண்டில் வெள்ளம் பிளவுக்குட் பாய்ந்து இருபதுக்கு மேற்பட்ட பிரயாணிகளைக் கொண்டு சென்றது. அதன் பிறகே பழைய அணை இருந்த இடத்தில் மீண்டும் அணை எழுப்பப்பட்டது. கல்லறை முகப்பு இடிந்தால் ஓர் அழகு போகும். அணை இடிந்தபோது உயிர் போயிற்று. எது அதிசயம்?

மச்சு பிச்சுவிலும் இதே கதைதான். மேகத்திடையே நிற்கும் சுவர்களைப் படம் பிடித்துத் திரும்புகின்றனர். மழை ஓயாது பெய்யும் மலைமுதுகில் 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் சரியாமல் நிற்பதற்குக் காரணம், தரைக்கடியில் இன்கா மக்கள் பரப்பிய கல்லும் சரளையும், நீர் வடிவதற்கு விட்ட வழியும், படிப்படியான மேடைகளுமே. ஏறக்குறைய 2,450 அடி நீளமுள்ள ஒரு கால்வாய் மலையூற்றின் நீரைக் கொணர்ந்து பதினாறு நீர்த்துறைகளுக்கு வரிசையாக ஊட்டியது. இவ்விரண்டையும் பட்டியலிற் சேர்த்தது சரியே. சேர்த்த காரணந்தான் சரியன்று.

கொலோசியத்தைப் பற்றி நமக்கு ஒரு தயக்கம் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. எண்பது வாயில் வளைவுகள்; அவற்றுள் எழுபத்தாறுக்கு எண் பொறித்து, வந்தவன் தன் எண்ணைப் பார்த்து நேரே தன் ஆசனத்துக்குச் செல்லவும், பல்லாயிரம் பேர் நெரிசலின்றிச் சிறு பொழுதில் வெளியேறவும் வகை செய்தனர். இன்றைய விளையாட்டரங்கு கட்டுவோரும் அந்த முறையையே பின்பற்றுகின்றனர். அறிவுக்கு அதில் குறைவில்லை. ஆனால் அந்த அறிவு எதற்குப் பயன்பட்டது? கி.பி. 80-இல் திறப்புவிழா நூறு நாள் நடந்தது. மனிதனும் விலங்கும் மடிவதே விழா. பயனை அளவுகோலாகக் கொண்டால் இதனைத் தள்ளத்தான் வேண்டும்.

அப்படியாயின் பிரமிடு மட்டும் என்ன, ஒருவன் பிணத்துக்காக ஊரெல்லாம் உழைத்ததுதானே என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் பல காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். சவுக்கடி பட்ட அடிமைகளே அதைக் கட்டினர் என்று மேடைகளில் முழங்குவோரை இன்றுங் கேட்கிறோம். அவர்கள் கீஸாவில் 1990 முதல் அகழ்ந்தெடுத்தவற்றை அறிந்தால் பேச்சைத் திருத்திக்கொள்வர். பிரமிடுக்கு அருகிலேயே தொழிலாளரின் கல்லறைகள் இருக்கின்றன; முறிந்த எலும்பு முறையாகக் கட்டப்பட்டு ஆறிய எலும்புக்கூடுகள் இருக்கின்றன; அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுப்புகளும் அகப்பட்டன. 2013-இல் செங்கடற் கரையில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள், மெரேர் என்னும் மேற்பார்வையாளன் தன் ஆட்களோடு துராவிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகிலேற்றிக் கீஸாவுக்குக் கொண்டு சென்றதை நாள்தோறுங் குறித்து வைத்தவை. ஓர் அரசனின் ஆணவம் அங்கே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் பிணி வந்தாற் பார்க்கவும், இறந்தால் அருகிலேயே அடக்கவும் பெற்ற தொழிலாளி வேறு. கொல்லப்படுவதற்கென்றே அரங்கிற்குட் கொணரப்பட்டவன் வேறு. இந்த வேறுபாட்டின் பொருட்டே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுகிறோம். ஒப்பாதவர் எழுதுக, கேட்கச் சித்தமாயிருக்கிறோம்.

தாஜ்மகாலிடம் நமது உளி மழுங்கிப் போகிறது. அதுவும் கல்லறை, அதனால் யாருக்கும் நீர் வரவில்லை, கப்பலும் கரை சேரவில்லை. பயன் என்னும் அளவுகோலால் அளந்தால் அதனைத் தள்ள வேண்டும். தள்ள மனம் வரவில்லை. அழகு ஒன்றே போதும் என்று சொல்லத்தக்க கட்டடம் ஏழில் ஒன்றாவது இருந்துவிட்டுப் போகட்டும். கிறிஸ்து சிலைக்கு அந்தச் சலுகையும் தர இயலவில்லை. 1931-இல் முடிந்த அச்சிலைக்கு அழகு சேர்ப்பது அது நிற்கும் மலையும் கீழே விரிந்த கடலுமே. அவை சிற்பி செய்தவையல்ல. அது எம்மதத்துச் சிலையாயினும் இதையே எழுதியிருப்போம்.

நம்மவரிடையே ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது: "தஞ்சைப் பெரிய கோயில் ஏன் ஏழில் இல்லை?" கேட்பது தவறன்று. ஆனால் காரணங் கேட்டால், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்கள். விழுகிறது, காலையிலோ மாலையிலோ சென்று நின்று பார்த்தவர் எவரும் அறிவர். சந்திரனிலிருந்து பார்த்தாலும் சீனச் சுவர் தெரியும் என்பதும் இவ்வினத்துப் புளுகே. 2003-இல் விண்ணிற் சென்ற சீன வீரர் யாங் லிவெய், பூமியை அடுத்துச் சுற்றியபோதே தமக்கு அது தென்படவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பொய்யைப் பூசினாற்றான் பெருமை நிற்கும் என்று ஏன் அஞ்ச வேண்டும்? கி.பி. 1010-இல் முடிந்த தஞ்சைக் கோயிலின் சுவரில், கட்டிய குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது; ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயரும் அவர்கள் குடியிருந்த தெருவும் இருக்கின்றன; நாவிதர், வண்ணார், தையற்காரர், கணக்கர் யாவரும் இருக்கின்றனர். அலெக்சாந்திரியாவிற் சிற்பி ஒளித்து வைக்க வேண்டியிருந்த பெயரை இங்கே வெளிப்படையாகக் கல்லில் வெட்டினர். அந்நானூற்றுவரின் வாழ்வு எத்தகையது என்பது வேறு கேள்வி, பெயரேனும் அழியவில்லை. தஞ்சைக்காக வாதாடுவோர் நிழலை விட்டுவிட்டு இந்தச் சுவரைக் காட்டுவாராக.

நமக்கு அண்மையில் உள்ள இரண்டைப் பற்றி வாக்களித்த உலகம் என்ன செய்தது? காம்போஜத்தின் அங்கோர், இறுதிச் சுற்றில் நின்ற இருபத்தொன்றில் இடம் பெற்றுப் பின் தோற்றது. தோற்றதில் வியப்பில்லை, அது சிறிய நாடு, ஏழை நாடு. அங்கோர் வாட்டின் கோபுரங்களை யாவரும் அறிவர். அதற்கு மேற்கே 11-ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி ஐந்து மைல் நீளமும் ஒரு மைலுக்கு மேற்பட்ட அகலமும் உடையது. அதில் இன்றும் நீர் நிற்கிறது. ஏழாம் ஜயவர்மன் காலத்துக் கல்வெட்டு, அவன் நாட்டில் 102 மருத்துவ சாலைகள் இருந்ததைக் கூறுகிறது. அவை பெரும்பாலும் மரத்தாலானவை, மண்ணோடு மண்ணாயின. தெய்வத்துக்குக் கல்லும் நோயாளிக்கு மரமும் என்பது அக்காலத்து வழக்கு.

ஜாவாவின் போரோபுதூர் அந்த இருபத்தொன்றிலும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அக்கற்குன்றில் 504 புத்தர் சிலைகளும், சுற்றுச் சுவர்களில் ஆயிரக்கணக்கான சிற்பப் பலகைகளும் உள்ளன. யாவரும் அறிந்தவை மேலே இருப்பவை. 1885-இல் அடித்தளத்தைச் சுற்றி அடுக்கியிருந்த கற்களுக்குப் பின்னே வேறொரு வரிசை இருப்பது தெரியவந்தது. கட்டடம் சரியாமலிருக்க முட்டுக்கொடுத்தபோது மூடப்பட்டது என்பது பலர் கருத்து. 160 பலகைகள். வினையும் பயனும் அவற்றின் பொருள். ஆனால் செதுக்கியிருப்பது சாமானிய மக்கள்: மீன் பிடிப்போர், கூத்தாடுவோர், புறங்கூறுவோர், நோயாளியைச் சூழ்ந்து அமர்ந்திருப்போர். யாவற்றையும் படம் பிடித்துவிட்டுப் பழையபடி மூடிவிட்டனர். ஜப்பானியர் ஆட்சியின்போது தென்கிழக்கு மூலையிற் சில கற்களை அகற்றினர். அம்மூலை இன்றுந் திறந்திருக்கிறது. நேயர்களில் எவரேனும் ஜாவாவுக்குச் செல்ல நேர்ந்தால் மேலே ஏறுமுன் அங்கே குனிந்து பார்ப்பாராக. மறைந்த பலகைகளிற் சிலவற்றின் மேல் ஒன்றிரண்டு சொற்கள் கீறப்பட்டுள்ளன. மன்னனைப் புகழ்ந்தவையல்ல, எதைச் செதுக்க வேண்டுமென்று வேலைக்காரனுக்கு மேற்பார்வையாளன் எழுதிய குறிப்புகள். வேலை முடிந்ததும் அழித்துவிடுவதாக இருந்தவை, கல் மூடியதால் அழியாமல் நின்றன. அவற்றுள் ஒரு சொல் 'விரூப': அழகற்ற முகம். அதன் கீழே அவ்வாறே சில முகங்களைச் சிற்பி செதுக்கியிருக்கிறான்.