நீலி வடித்தது பொய்க் கண்ணீரா?

பொய்யாக அழுகிறவர்களை 'நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்' என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். ஊரை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆனாலும் இந்தச் சொல் நம்மோடு வந்துவிட்டது. அதன் பின்னாலுள்ள பழையனூர் நீலி கதையை நம் சங்கத்து இளைஞர்கள் மேடையேற்றினார்கள். முன்வரிசையில் இருந்து பார்த்தேன்.

கதை தெரிந்ததுதான். திருவாலங்காட்டை அடுத்த பழையனூர். முற்பிறவியில் கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வணிகனைத் 'என் புருஷன்' என்று மறிக்கிறாள். வேளாளர் எழுபது பேர் அவள் அழுகையை நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தரே குறிப்பிடும் அளவுக்குப் பழைய கதை இது.

பஞ்சாயத்துக் காட்சி அருமை. வணிகன் தன் மந்திரக் கத்தியைப் பெரியவர்கள் கையில் கொடுக்கத் தயங்கி நின்றானே, அரங்கமே மூச்சு விடவில்லை. சொல்லை நம்பிக் கடன் கொடுத்து வியாபாரம் பண்ணின எனக்கு அந்தத் தயக்கம் நன்றாகப் புரிந்தது. ஆனால் பேய் என்றால் புகையும் அலறலும் வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலும். ஒலிபெருக்கி சத்தத்தில் நீலியின் வசனம் பாதி காதில் விழவில்லை. தீப்பாயும் காட்சியோ இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பெரிய குறை வேறு. அவள் கொலையுண்ட கதையைப் பின்குரலில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த சிறுவன், "தாத்தா, அந்தப் பேய் சும்மா அழுவுதா, நிஜமாவா?" என்று கேட்டான். குழந்தை பொய், கண்ணீர் நிஜம் என்றேன். அதை நாடகமே சொல்லியிருக்க வேண்டாமா?

இதே நீலிக்குச் சமணர் வேறு முடிவு தந்தார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். அதில், காளிக்கு ஆடு பலியிட வந்தவர்களிடம் மண்ணால் செய்த ஆட்டை வைக்கச் சொல்கிறார் முனிச்சந்திரர். பலி போன கோபத்தில் காளி பழையனூர் நீலியை அழைத்து அவர்மேல் ஏவுகிறாள். நீலி மிரட்டிப் பார்க்கிறாள், அரசகுமாரி வடிவில் மயக்கியும் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. கடைசியில் அவரிடமே அறம் கேட்டு, கொல்லாமையை ஏற்று, ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரோடு வாதம் செய்கிறாள். அவளை யாரும் விரட்டவில்லை, பேசித் திருத்தினார்கள்.

நான் சமணன், அதனால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். இருக்கட்டும். எழுபது பேரின் வாக்குறுதியும் பெரிது, பேயையும் உட்காரவைத்துப் பேசிய பொறுமையும் பெரிது. இரண்டும் தமிழில் இருக்கிறது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் ஏன் காட்ட வேண்டும்?

அடுத்த முறை புகைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு மண் ஆடு செய்யுங்கள், தம்பிகளா. மீதியை நீலியே பேசுவாள்.