திருச்செந்தூரிலிருந்து உவரி வரை
இந்தக் கடலோரச் சாலையில் வண்டியை விரட்டாதீர்கள். வழியெங்கும் பனை. சித்திரை, வைகாசியானால் காலையில் பதநீர் கிடைக்கும். குருத்தோலையை மடித்துப் பட்டை கட்டி, நுங்கைச் சீவிப் போட்டு ஊற்றித் தருவார்கள். இரு கையாலும் ஏந்திக் குடிக்கும்போது பச்சை ஓலை வாசமும் தொண்டையில் இறங்கும். கண்ணாடித் தம்ளரில் அந்த ருசி வரவே வராது.

குலசேகரப்பட்டினம் தாண்டி மணப்பாடு. மணல்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில். கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அங்கே தங்கினார் என்பார்கள். குன்றின் மேல் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். கீழே கரையேறிய படகுகள், வலை உதறும் கைகள். எனக்கு இந்தக் கரையிலேயே அழகான இடம் அதுதான்.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அந்தோணியார் கோயிலும் ஒரே அலையோசை கேட்கின்றன.

விடியலிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் பதநீர் தீர்ந்துவிடும்.